குடைந்த ரெகுலேட்டர்

வெர்னா லுட்கேவுக்குக் கோபமே வராது என்று பெலிகன் முனையில் எல்லாரும் சொல்வார்கள். வராமல் என்ன? வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஒரே டிரெய்லருக்குள் ஒருத்தன் விடிந்ததிலிருந்து படுக்கும் வரை கத்திக்கொண்டே இருந்தால், இன்னொருத்தி கத்துவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

கத்துகிறவன் அவள் புருஷன் டெல்பர்ட். அமெரிக்காவின் அயோவாவில் ஒரு ஊரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன். கை சுத்தமான கை, வாய்தான் சாக்கடை. வெர்னா அதே ஊரில் பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய தட்டுகளில் மக்ரோனியும் இறைச்சி உருண்டையும் வேகவைத்தே வயதைக் கழித்தவள். இரண்டு பேருக்கும் ஓய்வு வந்ததும், "இனிமே சக்கரத்து மேலதான் வீடு. பக்கத்துல இருக்கறவன் மூஞ்சி பிடிக்கலையா, மாட்டிக்கிட்டு கெளம்பிடலாம்" என்றான் டெல்பர்ட். அவள் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். பாவி மனுஷன், சொன்னதை அப்படியே செய்தான்.

அர்கான்சாஸ் ஏரிக்கரையில் பக்கத்து டிரெய்லர் நாய் குரைத்தது என்று சண்டை, கிளம்பினார்கள். நியூ மெக்சிகோவில் குளியலறைத் தண்ணீர் சூடாக வரவில்லை என்று சண்டை, கிளம்பினார்கள். மிசிசிபிக் கடற்கரையில் எதிர்வீட்டுக்காரன் கிறிஸ்துமஸ் விளக்கை ஜனவரியிலும் கழற்றவில்லையாம், அதற்கும் ஒரு சண்டை. யார் வீட்டு விளக்கு, இவனுக்கு எங்கே வலித்தது? ஒவ்வொரு ஊரிலும் வெர்னா யாராவது ஒருத்தியோடு காப்பி குடிக்கப் பழகியிருப்பாள். அந்த நேரத்தில் மடக்கு நாற்காலிகளை மடக்க வேண்டி வந்துவிடும். போகிற இடத்திலிருந்து கடிதம் போடுவதாகச் சொல்வாள். முதல் வருடம் போடவும் செய்தாள்.

டெக்சாஸின் தெற்குக் கோடியில், வளைகுடா ஓரமாக இருக்கும் பெலிகன் முனை டிரெய்லர் பார்க்குக்கு வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு ஊர் என்று ஆனது. சனிக்கிழமை காலையில் பொதுக்கூடத்து அடுப்பங்கரை அவள் கையில்தான். குளிருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்து சேரும் கூட்டம் மொத்தமும் அவள் ஊற்றும் பான்கேக்குக்குத் தட்டோடு வரிசையில் நிற்கும். பக்கத்து இடத்தில் ஓபல் இருந்தாள். புருஷன் போய்ச்சேர்ந்த பிறகு பழைய டிரெய்லர் ஒன்றில் தனியாக இருக்கிறவள். எழுபது தாண்டியும் கை நடுங்காது. பார்க்கில் எல்லார் தலைமுடியும் அவள் வெட்டுவதுதான். வெர்னாவின் முடியை வெட்டிக்கொண்டே டெல்பர்ட்டைக் கரித்துக் கொட்டுவாள், வெர்னா குலுங்கக் குலுங்கச் சிரிப்பாள், "ஆடாத கண்ணு, காது போயிடும்" என்பாள் ஓபல்.

"இதுதான் கடைசி, டெல். இங்கேர்ந்து நான் நகர மாட்டேன்" என்று வெர்னா ஒருநாள் சொல்லிவிட்டாள். அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

ஆனால் இங்கேயும் அவன் சும்மா இருக்கவில்லை. படகு நிறுத்துகிற இடத்துக்காக ஒருவனோடு மார்பில் மார்பு இடித்துக்கொண்டு நின்றான். பார்க் மேலாளர் கேலன் பெரிய உடம்புக்காரர், ஆனால் சண்டை என்றாலே ஒதுங்கிப் போகிற ஆள். அவரே வந்து, "டெல்பர்ட், இன்னொரு தடவை ஏதாவது நடந்தா இடத்தக் காலி பண்ணச் சொல்றதத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வெர்னா நெருப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். இந்த இடம் போனால் அவளுக்கு இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்கத் தெம்பு இல்லை.

இனி அடுப்புச் சங்கதி.

டிரெய்லரின் மூக்கில் இரண்டு பெரிய காஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். அங்கேயே ஒரு ரெகுலேட்டர் காஸின் வேகத்தை அடக்கித்தான் உள்ளே அனுப்பும். வெளியே வைத்துச் சமைக்க டிரெய்லர் பக்கவாட்டில் ஒரு குழாய்வாய் உண்டு, அதிலும் வருவது அடங்கிய காஸ்தான். கடையில் வாங்கும் சின்னக் கிரில் அடுப்போ, கைக்கடக்கமான பச்சை சிலிண்டரை நேராகத் திருகி எரிப்பதற்காகச் செய்தது. அதன் கழுத்திலேயே தனியாக ஒரு ரெகுலேட்டர் இருக்கும். இந்த அடுப்பை டிரெய்லர் குழாயில் மாட்டினால், ஒரு தடவை அடக்கியதை இன்னொரு தடவை அடக்கும். பிறந்தநாள் மெழுகுவத்தி மாதிரி ஒரு சுடர் வரும். அதில் சாசேஜ் வேகாது, பொறுமைதான் தீரும். பார்க்கில் பாதிப் பேர் இந்த மெழுகுவத்தியைப் பார்த்துத் திட்டியவர்கள்தான். விவரமானவர்கள் குழாய்க்கென்றே செய்த அடுப்பை வாங்கிவிடுவார்கள், இல்லையென்றால் பேசாமல் பச்சை சிலிண்டரிலேயே எரிப்பார்கள்.

டெல்பர்ட் யார்? டிராக்டரையே பிரித்துப் போட்டவனாயிற்றே! அவன் அந்தக் கழுத்து ரெகுலேட்டரைத் திறந்து, உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் ரப்பர் தட்டையும் பிடுங்கி எறிந்தான். காஸ் போகும் துளையையும் கொஞ்சம் பெரிதாக்கினான். மூடியைப் பழையபடி மூடிவிட்டான். வெளியிலிருந்து பார்த்தால் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். டிரெய்லர் குழாயிலிருந்து ஒரு டியூபை இழுத்து அதில் திருகியதும் நீலச்சுடர் நின்று எரிந்தது. அடங்கிய காஸ் வரும்வரை ஒரு தொந்தரவும் இல்லை. அதே கழுத்தில் யாராவது பச்சை சிலிண்டரைத் திருகினால் அடக்க ஆளில்லாமல் மொத்த வேகமும் சீறிக்கொண்டு வரும். இது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஒரு சீட்டு எழுதி ஒட்டினானா? பெயிண்டால் ஒரு கோடு போட்டானா? கட்டின பெண்டாட்டியிடமாவது சொன்னானா? ஊஹும். அவன் சாமான், அவன் மூளை, அடுத்தவருக்கு எதற்கு?

சனிக்கிழமை சாயங்காலம் ஓபல் வந்தாள். யாரோ அவளுக்கு வளைகுடாவில் பிடித்த பெரிய மீன் இரண்டு கொடுத்திருந்தார்கள்.

"என் அடுப்பு துருப்பிடிச்சுக் கெடக்கு கண்ணு. உன் புருஷனோடத குடேன். சிடுமூஞ்சி எங்க?"

"டவுனுக்குப் போயிருக்கு. எடுத்துக்கிட்டுப் போ. அவன் வந்தா நான் பேசிக்கறேன்."

டெல்பர்ட் யாருக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர்கூடக் கொடுக்க மாட்டான். அதனாலேயே கொடுக்க வெர்னாவுக்கு ஆசையாக இருந்தது. டியூபைச் சுருட்டித் தரப் போனாள்.

"டியூபெல்லாம் எதுக்கு? எங்கிட்டதான் பச்சை சிலிண்டர் இருக்கே" என்றாள் ஓபல். வெர்னா தன் கையாலேயே டியூபைக் கழற்றி, அடுப்பைத் தூக்கிக் கொடுத்தாள். "ஒரு துண்டு எனக்கும் வை" என்றுகூடச் சொன்னாள்.

உருளைக்கிழங்கு சாலட்டில் மயோனிஸ் கலந்துகொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓபலின் அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், அடுப்புக்கு மேலே ஓபல் உயரத்துக்கு மஞ்சள் தீ, வெயிலுக்கு இழுத்துவிட்டிருந்த துணிப்பந்தல் சுருங்கிச் சுருங்கிச் சொட்டுகிறது. ஓபல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி புல்லில் உட்கார்ந்திருந்தாள். முன்முடி இல்லை, புருவம் இல்லை. கேலன் மூச்சிரைக்க ஓடி வந்து தீயணைப்பானை அடித்தார். வெர்னா தோட்டத்துக் குழாயை இழுத்து ஓபலின் கைகளில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஓபல் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் வந்தான். கரிந்த பந்தலைப் பார்த்தான். நேராக அடுப்புப் பக்கம் போய்க் குனிந்தான். ஓபல் எப்படி இருக்கிறாள் என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை அந்த மனுஷன்.

"எவ இதைத் தூக்கிக் குடுத்தது?"

"நான்தான். என்ன ஆச்சு டெல் இதுக்கு? சிலிண்டர மாட்டினதும் வெடிச்ச மாதிரி..."

"சிலிண்டரையா மாட்டினா? மண்டையில என்ன இருக்கு? அதுல ரெகுலேட்டரே இல்ல. போன சீசன்லயே குடைஞ்சு எடுத்துட்டேன்."

வெர்னா குனிந்து அடுப்பின் கழுத்தைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? என் அடுப்பு. நான் எடுத்தா நான் வைப்பேன். ஊருக்கெல்லாம் தூக்கிக் குடுப்பேன்னு நீதான் சொல்லியிருக்கணும்."

அவளுக்குக் கோபம் வந்தது. அப்போதும் விழுங்கினாள். பழக்கம்!

அன்று ராத்திரியே ஓபலைக் கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள். கொப்புளம்தான், விரல்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பல வாரம் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு கையும் குத்துச்சண்டைக்காரன் உறை மாதிரி உருண்டையாக இருந்தன. வெர்னா சூப்பை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள்.

ஓபல் விழுங்கிவிட்டுக் கேட்டாள். "அந்த ரெகுலேட்டர் சமாசாரம் உனக்குத் தெரியுமா வெர்னா?"

"சத்தியமா தெரியாது ஓபல்."

"சரி" என்றாள் ஓபல். வாயைத் திறந்தாள், அடுத்த ஸ்பூனுக்கு.

மறுநாள் காலையில் கேலன் எல்லாரையும் பொதுக்கூடத்துக்கு வரச் சொன்னார். தீ என்றால் டிரெய்லர்க்காரர்களுக்குக் குலை நடுங்கும், ஒன்று பிடித்தால் வரிசையாகப் போகும். அதனால் கூடம் நிறைந்திருந்தது. காப்பிக் குடுவைப் பக்கம் யாரும் போகவில்லை. ஓபலும் வந்து முன்வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

கேலன் தொண்டையைக் கனைத்தார். "டெல்பர்ட், அந்த அடுப்புல நீங்க கை வெச்சீங்களா?"

வெர்னா புருஷனைப் பார்த்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆமா, வெச்சேன், யார்கிட்டயும் சொல்லல, தப்புதான், ஓபல், மன்னிச்சுக்கோ. அதைச் சொல்லிவிட்டால் இந்த ஜனங்கள் கொஞ்சம் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

டெல்பர்ட் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான். அவள் இதுவரை கேட்டிராத ஒரு சாதுக் குரலில் பேசினான்.

"வெச்சேன். டிரெய்லர் காஸுக்குத் தோதா மாத்தினேன், அத மறைக்கல. ஆனா சிலிண்டர மட்டும் மாட்டக்கூடாதுன்னு வெர்னாகிட்ட தலபாடா அடிச்சுக்கிட்டேன். எத்தன தடவ சொல்லியிருப்பேன்! அவளுக்கு இப்பல்லாம் எதுவும் நெனவுல நிக்கறதில்ல. அவமேல கோவிச்சுக்காதீங்க. வயசாகுது."

கூடத்தில் எல்லாத் தலையும் வெர்னா பக்கம் திரும்பின. சிலர் முகத்தில் பரிதாபம், அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. ஓபலும் திரும்பினாள். புருவம் இல்லாத அந்த முகத்தில் கோபமா வருத்தமா, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கேலனுக்கோ தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி ஆகிவிட்டது. "அப்ப சரி. மறதி. யாருக்கும் வரதுதான். வேணும்னு யாரும் செய்யல. டெல்பர்ட், அந்த அடுப்பத் தூக்கிப் போட்டுடுங்க. யாரும் எடத்தக் காலி பண்ண வேண்டாம். முடிஞ்சுது."

எல்லாரும் மூச்சு விட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன.

இடம் போகாது. வெர்னாவுக்கு வேண்டியது அதுதானே? தட்டில் வைத்து நீட்டிவிட்டார்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அடுத்த சனிக்கிழமை பான்கேக் ஊற்றலாம், அதற்கடுத்த சனிக்கிழமையும் ஊற்றலாம். தட்டோடு வருகிறவர்கள், பாவம், மறதி வந்துவிட்டது, சொல்லியும் மறந்து கூட்டாளி கையைப் பொசுக்கிவிட்டாள் என்று குசுகுசுத்துக்கொண்டே வாங்கித் தின்பார்கள். ஓபல் சாகிறவரை அதை நம்புவாள். பேசாமல் இருப்பதில் வெர்னாவை மிஞ்ச ஆளில்லை, வேறு எதில் அவளுக்கு அவ்வளவு பயிற்சி?

"பொய்."

யார் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுந்து நின்றிருந்தாள்.

"பொய் சொல்றான். ஒரு தடவகூடச் சொல்லல. நேத்து ஓபல் கை வெந்த பின்னாலதான் எனக்கே தெரியும். 'எதுக்குச் சொல்லணும், என் அடுப்பு'ன்னான். எனக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. கேலன், போன மாசம் உங்க பேத்திக்கு வால்நட் ஆகாதுன்னு ஒரே ஒரு தடவ சொன்னீங்க. அவ தட்டுல நான் வால்நட் வெச்சேனா?"

"வெக்கல" என்றார் கேலன் மெதுவாக.

"வெர்னா, உக்காரு. அசிங்கம் பண்ணாத" என்றான் டெல்பர்ட். சாதுக் குரல் போய்விட்டது.

"அசிங்கம் பண்ணினது நீ! ஒவ்வொரு ஊர்லயும் நீ சண்ட போட்ட, நான் நாற்காலி மடக்கினேன். இன்னிக்கு என் தலையிலயே கொண்டாந்து கொட்டற. அவ கையப் பாரு! நேத்திலேர்ந்து ஒரு தடவ, ஒரே தடவ, 'வலிக்குதா ஓபல்'னு கேட்டியா நீ?"

டெல்பர்ட் முகம் செங்கல்லாகச் சிவந்தது. "அவள யாரு என் அடுப்பத் தொடச் சொன்னது? கெழட்டு முண்டம், சிலிண்டர மாட்டறதுக்கு முன்னால..." என்று கத்தத் தொடங்கினான்.

ஓபல் எழுந்து அவன் முன்னால் போய் நின்றாள். "இந்தக் கட்டு மட்டும் இல்லேன்னா உன் கன்னம் பழுத்திருக்கும்டா" என்றாள். திரும்பி வெர்னாவின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இனி கேலனுக்கு ஓட இடமில்லை. "காஸ் சாமானக் குடைஞ்சு, சொல்லாம வெச்சு, இங்க நின்னு பொய்யும் சொன்னா, எப்படி டெல்பர்ட்? மத்தியானத்துக்குள்ள கெளம்பிடுங்க" என்றார். அவர் டெல்பர்ட் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டார்.

டெல்பர்ட் டிரெய்லருக்குள் நுழைந்ததும் அலமாரிக் கதவுகளை அடித்து அடித்துச் சாத்தினான். "சந்தோஷமா? குளிர்ந்துதா வயிறு? நான் கஷ்டப்பட்டு எடத்தக் காப்பாத்திக் குடுத்தேன், நீயே வாயத் தொறந்து கெடுத்துக்கிட்ட. மடக்கு எல்லாத்தையும்! இந்த ஓட்டை ஊருக்கு இன்னொரு தடவ வந்தா என்னை செருப்பால அடி."

வெர்னா வெளியே வந்தாள். கை தானாகவே மடக்கு நாற்காலியிடம் போனது. ஒன்றை மடக்கினாள். இரண்டாவதைத் தொட்டவள் நின்றுவிட்டாள். எதற்கு மடக்குகிறேன்? என்ன தப்பு செய்தேன்? அயோவாவிலிருந்து இதுநாள் வரை இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்காமல் எப்படி இருந்தோம் என்று நினைக்க அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. மடக்கிய நாற்காலியை உதறி விரித்தாள்.

டெல்பர்ட் தண்ணீர்க் குழாயையும் மின்சாரக் கம்பியையும் பிடுங்கிச் சுருட்டினான். பிக்கப் வண்டியைக் கிளப்பினான். டிரெய்லரை மாட்ட வண்டியைப் பின்னால் கொண்டுவர வேண்டும். வண்டி வாலில் இருக்கும் இரும்புக் குண்டு, டிரெய்லர் மூக்கின் கொக்கிக்குக் கீழே அச்சாக வந்து நிற்க வேண்டும். ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது. எந்தப் பார்க்கிலும் இந்த நேரத்தில் பெண்டாட்டிதான் கொக்கி பக்கம் நின்று கை காட்டுவாள், இடது, வலது, வா, வா, நிறுத்து. பாதிக் குடும்பங்களில் பெரிய சண்டை வருவதும் இதில்தான். வண்டியில் கேமரா வைப்பதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பது டெல்பர்ட் கட்சி. அதனால் எல்லா ஊரிலும் வெயிலிலும் மழையிலும் நின்று கை காட்டியவள் வெர்னாதான்.

இன்றும் அதே இடத்தில் போய் நின்றாள்.

"கையக் காட்டுடி!" என்று கத்தினான் ஜன்னல் வழியாக.

வெர்னா கையைத் தூக்கினாள். காட்டினாள். வண்டி பின்னால் உருண்டது, அவன் கண்ணாடியில் பார்த்தான், பிரேக்கை மிதித்தான்.

"என்னடி காட்டற? பின்னால வரணும்! முன்னால போங்கற?"

"ஆமா. முன்னால போ."

"வெளையாடறியா?"

"இல்ல டெல். அம்மா வீட்ட வித்து நான் வாங்கின டிரெய்லர் இது. வண்டி உன்னோடது. உன் துணிய ரெண்டு பையில போட்டு வண்டியில பின்னால வெச்சிருக்கேன். கேலன் உன்னத்தான் போகச் சொன்னாரு. என்னப் போகச் சொல்லல."

டெல்பர்ட் இறங்கினான். என்னென்னவோ கத்தினான். தின்னக்கூட வழியில்லாமல் அவளை விட்டுப் போவதாகச் சொன்னான், நாளைக்கே கூப்பிட்டு அழுவாய் என்றான், தனியாகக் கொக்கியை மாட்டப் பார்த்துக் குனிந்தான். வண்டி ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. மறுபடி ஏறிப் பின்னால் வந்தான், கோணலாகப் போய் நின்றான். மறுபடி ஏறினான். பக்கத்து டிரெய்லர்களிலிருந்து ஆட்கள் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து நின்று பார்த்தார்கள். ஒருத்தனும் வந்து கை காட்டவில்லை. கட்டுப்போட்ட கைகளோடு ஓபல் தன் படியில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் கதவை அடித்துச் சாத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். "வெர்னா" என்றான். இந்தத் தடவை கத்தவில்லை. ஏதாவது சொல்வானோ என்று அவள் காத்திருந்தாள். ஓபல் பெயரைச் சொல்வானோ என்று காத்திருந்தாள்.

"இடதா, வலதா, அத மட்டும் சொல்லு" என்றான்.

வெர்னா இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கினாள். எல்லா ஊரிலும் காட்டிய மாதிரியே பெரிதாக, தெளிவாக, அவன் கண்ணாடியில் தப்பாமல் தெரிகிற மாதிரி காட்டினாள். முன்னால. இன்னும் முன்னால. போ. போய்க்கிட்டே இரு.